சாலையின் உரிமையும் சைக்கிளில் வரும் பிள்ளைகளும்



பல்லவர் காலத்துக் குடைவரையால் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர் தளவானூர். அங்கிருந்து செஞ்சி நோக்கி வரும் சாலையில் காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களைக் காணலாம். சென்ற மழைக்காலத்தில், மஃரிபுக்குப் பின் பாடம் முடித்துத் திரும்பிய என் மாணவர் ஒருவர், ஒரு கனரக வாகனம் உரசுவதுபோல் கடந்து சென்றதில் நிலைதடுமாறிச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே, அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் அவருடைய தாயார் வந்து, "ஹஜ்ரத், இனிமேல் இவனைச் சைக்கிளில் அனுப்ப மாட்டேன்" என்றார். அவருக்கு என்னால் மறுமொழி சொல்ல இயலவில்லை.

தமிழகத்தில் சைக்கிளுக்குப் பெருமைமிக்க வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்பித்தது. முஸ்லிம் பெண்களும் அதில் முன்வந்து கற்றனர். பின்னர் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அதைப் பிற மாணவ மாணவியருக்கும் விரிவுபடுத்தியது. சைக்கிள் வந்தது, அது அச்சமின்றிச் செல்வதற்குரிய பாதை வரவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழகச் சாலைகளில் 17,884 பேர் உயிரிழந்தனர்.

பாதையில் எளியவருக்குரிய பங்கைக் கேட்பது புதிய வழக்கமன்று. பாதையின் அகலம் குறித்துச் சச்சரவு எழுந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ, சந்தையையும் தெருவையும் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளை எழுதும்போது இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். பொதுப்பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதில் கட்டடம் எழுப்பக் கூடாது. எழுப்பப்பட்டது பள்ளிவாசலாகவே இருந்தாலும் அதை இடிக்கச் செய்ய வேண்டும். ஏனெனில் பாதை நடப்பதற்கு உரியது என்கிறார். ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசல் வாயிலில் சாலையின் பாதிவரை நிற்கும் நம் வாகனங்களை அவர் கண்டால் என்ன சொல்வாரோ!

இன்று சைக்கிளுக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்தும் தொடக்கத்திலேயே அப்படி இருக்கவில்லை. 1971இல் அந்தச் சிறு நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறார். விபத்தில் மகளை இழந்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப் 1972இல் எழுதிய கட்டுரை, "சிறார் கொலையை நிறுத்துங்கள்" என்னும் பொருள்படும் இயக்கத்துக்குப் பெயரைத் தந்தது. பெற்றோர் தெருவில் இறங்கினர். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் காரின் மீதிருந்த மோகத்தைத் தணித்தது. அதன் பிறகுதான் அரசு சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் அமைப்பதில் முனைந்தது.

நம் மண்ணில் அத்தகைய குரல் கோயம்புத்தூரின் அறுவை அறையிலிருந்து எழுந்தது. கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்கக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தாக்கல் செய்தார். நொறுங்கிய எலும்புகளைச் சேர்த்து வைப்பதே அவர் தொழில். அவை நொறுங்காமலிருக்க வழக்காட வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. 2014இல் நீதிமன்றம் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. 2017 நவம்பர் 30ஆம் நாள், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைய வேண்டும் என்றும், காவல் கண்காணிப்பாளரோடும் பொறியாளர்களோடும் பொதுமக்கள் சார்பாளர்களும் அதில் இடம்பெற வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதே வழக்கில், 2025 மே மாதம், தகுந்த நடைபாதை என்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் கூறிற்று.

நடைபாதைக்குக் கிடைத்த இந்தச் சொல் சைக்கிள் பாதைக்கு இன்னும் அத்துணைத் தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆயினும் கேட்பதற்குரிய வாசல் திறந்திருக்கிறது. அதை நம்மில் பலர் அறியாததால், சாலையில் மய்யித் விழுந்த நாளில் மறியல் செய்கிறோம், மறுவாரம் மறந்துவிடுகிறோம்.

எங்கள் மஹல்லாவாசிகள் சிலர் கூடி, விழுப்புரம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியுள்ளோம். சாலையோரப் பள்ளங்களை நிரப்பிச் சமன்செய்தல், பிள்ளைகள் மிகுதியாகச் செல்லும் பகுதியிலேனும் தடுப்புக் கற்கள் பதித்துச் சைக்கிளுக்கு ஓரம் ஒதுக்குதல், திருப்பத்தில் ஒரு விளக்கு, பள்ளிக்கூடத்துக்கு முன் வேகத்தடை ஆகியவற்றைக் கேட்டிருக்கிறோம். ஜும்ஆ வாகனங்களைச் சாலையிலிருந்து அகற்றி நிறுத்துவோம் என்று எங்கள் பங்கையும் எழுதினோம். அதைச் சேர்க்கத்தான் கூட்டத்தில் அதிக நேரம் ஆயிற்று. அந்தத் தாயாரும் கையொப்பமிட்டார். அவருடைய மகன் இப்போது பேருந்தில் வருகிறார். மஃரிபுப் பாடத்தின் பிற்பகுதி அவருக்குத் தவறிப்போகிறது.