திரும்பி வந்த கப்பல்களும் கணக்குல வராத ஆட்களும்

ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் போற வழியில, உச்சிப்புளி பக்கம் கடற்படையோட விமானதளம் இருக்கு. ஐ.என்.எஸ். பருந்து. அந்தப் பேர் வந்தது 2009ல, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே கடற்படை விமானங்கள் இங்க இருந்து பறந்துக்கிட்டு இருந்துச்சு. இந்தக் கரைக்கு எதுக்கு இவ்வளவு காவல்னு கேட்டா ‘புலிகள்’னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. அமைதிப்படை இலங்கையை விட்டுக் கிளம்பின விதத்துக்கும் அதுல பங்கு இருக்கு. படை போன கதையை நாம நிறையவே பேசியாச்சு, வந்த கதையைத்தான் யாரும் சொல்றதில்லை.

முதல்ல ஒரு சந்தேகம். தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அப்புறம் ஏன் சென்னையில இருந்து காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் கப்பல் விட்டாங்க? தனுஷ்கோடி 1964 புயலோட போச்சு. ராமேஸ்வரம் - தலைமன்னார் படகும் 80களோட நடுவுல நின்னுடுச்சு. அதெல்லாம் இருந்திருந்தாலும் டாங்கியும் லாரியும் ஏத்தின கப்பல் இந்தப் பக்கம் வரமுடியாது, ராமர் பாலத்துக்கிட்ட அவ்வளவு ஆழம் கிடையாது. மேப்ல கிட்ட இருக்கிற வழி சப்ளைக்கு ஆகுற வழி இல்லை. நெட்வொர்க் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும் :)

சரி, மேட்டருக்கு வருவோம். 1987 ஜூலை 29ல ஒப்பந்தம், மறுநாளே படை பலாலியில இறங்கியாச்சு. அக்டோபர்ல புலிகளோட சண்டை. உச்சத்துல நாலு டிவிஷன், ஏறக்குறைய 80,000 பேர். எங்க துறையில சொல்வாங்க, டிப்ளாய் பண்றது ஒரு ராத்திரி வேலை, ரோல்பேக்தான் உயிரை எடுக்கும்னு. ராணுவத்துலயும் அதே கதைதான். பாதிப் பேரை அனுப்பினா மிச்சப் பாதி பலவீனமாகுது. ஆனா காவல் காக்க வேண்டிய ரோடும் துறைமுகமும் பாதியா குறையறதில்லை. அதனால தூரத்துல இருக்கிற முகாமை முதல்ல காலி பண்ணி, பாயைச் சுருட்டற மாதிரி துறைமுகத்தைப் பார்த்து வரணும். அம்பாறை முதல்ல, அப்புறம் மட்டக்களப்பு, பிறகு வடக்கு, கடைசியா திருகோணமலை.

இந்த வரிசையில குறை சொல்ல ஒண்ணும் இல்லை. கோளாறு தேதியில. 1989 ஜூன் 1ல பிரேமதாசா, ஜூலை 29க்குள்ள எல்லாரும் கிளம்பணும்னு பொதுமேடையில சொல்லிட்டார். ஒப்பந்தத்துல சொன்ன அதிகாரப் பகிர்வும் கூடவே நடக்கணும்னார் ராஜீவ். ஒரு சின்ன அணியை மட்டும் பேருக்கு அனுப்பினாங்க. செப்டம்பர் 18ல உடன்பாடு, டிசம்பர் 31 இலக்கு. அதுக்குள்ள இங்க தேர்தல், வி.பி. சிங் வந்தார். கடைசி வீரர் திருகோணமலையில கப்பலேறினது 1990 மார்ச் 24. தேதி பேசினாங்க, கப்பல் எண்ணினாங்க. அதிகாரப் பகிர்வு அப்படியே கிடந்துச்சு.

எண்ணாம விட்டது இன்னொண்ணும் இருக்கு. படையை நம்பி வரதராஜப் பெருமாளோட மாகாண அரசு நின்னுச்சு. அதைக் காப்பாத்த ‘தமிழ் தேசிய ராணுவம்’னு ஒண்ணு, அதுல பிடிச்சு இழுத்துட்டு வந்த பசங்களே நிறைய. அம்பாறை காலியான உடனே புலிகள் அங்க நுழைஞ்சாங்க, இந்தப் பசங்க சிதறிட்டாங்க. பெருமாள் இந்தியாவுக்கு வந்துட்டார். ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டத்தை ஒரிசாவுல மல்கான்கிரி வரைக்கும் கொண்டுபோய்த் தங்க வச்சாங்க. படை விலகல்னா ஆளும் வண்டியும் மட்டும் எண்றது எந்த நாட்டுக்கும் பழக்கம்தான். 1975ல சைகோன்ல அமெரிக்காவும் இதைத்தான் பண்ணுச்சு.

சென்னைக்கு வந்த படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகலை. அதுக்காக அவரை இன்னிக்கும் திட்டறவங்க உண்டு. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியும் வல்வெட்டித்துறையும் நினைவிருக்கிறவங்க திட்டமாட்டாங்க. அதே சமயம் ஏறக்குறைய 1,200 ஜவான்களும் செத்திருக்காங்க, அவங்க யாரும் அந்த ஒப்பந்தத்தை எழுதலை. எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குது.

படை திரும்பி மூணு மாசம்கூட ஆகலை. ஜூன்ல மறுபடி போர். அதே மாசம் கடற்படை ‘ஆபரேஷன் தாஷா’ன்னு பாக் நீரிணை ரோந்தை ஆரம்பிச்சுது. அங்க குறைச்ச காவல் இங்க கூடினது இப்படித்தான். கூடவே படகு படகா அகதிகள். 1990-91ல மட்டும் லட்சத்துக்கும் மேல. நிறைய பேர் முதல்ல போய்ச் சேர்ந்தது மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்துல சிலோன் தோட்டத்துக்குப் போற கூலிகளை நிறுத்தி, நோய் இருக்கான்னு பார்த்து அனுப்பறதுக்கு இருந்த இடம் அது. இப்பவும் அங்க ஈழத்துக் குடும்பங்கள் இருக்கு.