மூக்குச் சதை வளர்ச்சி: சிகிச்சையின் வரலாறு

மூக்கின் உட்புறத்திலும் சைனஸ் எனப்படும் எலும்புக் குழிகளிலும் அழற்சி நாட்பட நீடிக்கும்போது, சிலருக்கு உரித்த திராட்சை போன்ற மென்மையான சதை வளர்கிறது. இது புற்றுநோய் அன்று. ஆயினும் மூச்சு அடைபடும், மணம் தெரியாது, உணவின் சுவையும் மங்கும். ஆங்கிலத்தில் வழங்கும் 'பாலிப்' என்ற பெயர், 'பல கால்களை உடையது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பண்டைக் கிரேக்க நூல்களிலேயே இதற்கான சிகிச்சை உண்டு. நூல் கட்டிய கடற்பஞ்சை மூக்கின் வழியே நுழைத்து, வாய் வழியாக இழுத்துச் சதையைப் பிய்த்தெடுத்தனர். மயக்க மருந்து இல்லாத காலம் அது!

1893-இல் அமெரிக்கரான கால்டுவெல்லும், 1897-இல் பிரெஞ்சுக்காரரான லூக்கும், மேல் உதட்டின் உட்புறம் வழியாகக் கன்னக் குழியைத் திறக்கும் அறுவை முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். பின்னர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர் மெசர்கிளிங்கர், சளி இயற்கையான துவாரங்களை நோக்கியே நகர்கிறது என்பதை விளக்கினார். எனவே குழி முழுவதையும் சுரண்டாமல், அடைபட்ட குறுகிய வழியைத் திறந்தாலே போதும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1980-களில் எண்டோஸ்கோப் அறுவை உலகெங்கும் பரவியது.

இருப்பினும் பலருக்குச் சதை மீண்டும் வளர்ந்தது. ஏன்? அறுவை சதையை நீக்கியதே தவிர, அதை வளர்த்த அழற்சியை நீக்கவில்லை. ஸ்டீராய்டு தெளிப்பு மருந்துகள் அழற்சியைக் குறைத்தாலும், எல்லோருக்கும் அவை போதவில்லை.

இதற்கான தடயம் முன்பே கிடைத்திருந்தது. ஆஸ்துமா, மூக்குச் சதை, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதை 1922-இல் பிரான்சில் விடால் குழுவினர் பதிவு செய்தனர். சிக்கல் மூக்கோடு முடிவதில்லை; உடலின் எதிர்ப்பாற்றலிலும் உள்ளது என்பதை இது உணர்த்தியது. இன்டர்லூக்கின் 4, 5, 13 என்னும் புரதங்கள் பலரிடம் இந்த அழற்சியைத் தூண்டுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

அவற்றில் 4, 13 ஆகியவற்றின் செயலைத் தடுக்கும் டுபிலுமாப் ஊசிக்கு, 2019 ஜூனில் அமெரிக்க அரசு இந்நோய்க்காக ஒப்புதல் அளித்தது. 2020-இல் ஓமாலிசுமாப், 2021-இல் மெபோலிசுமாப் ஆகியவையும் ஒப்புதல் பெற்றன. சதை சுருங்கியதோடு, இழந்த மணத்தையும் பலர் ஓரளவு திரும்பப் பெற்றனர்.

ஆனால் இவை நோயை வேரோடு நீக்குவதில்லை. டுபிலுமாப் சோதனை ஒன்றில், 24 வாரங்களுக்குப் பின் ஊசியை நிறுத்தியதும் தொல்லைகள் படிப்படியாகத் திரும்பின. விலையும் மிக அதிகம். எவருக்கு அறுவை, எவருக்கு ஊசி, எவ்வளவு காலத்திற்கு என்பனவே இன்றைய ஆய்வாளர்கள் முன்னுள்ள வினாக்கள்.