எண்ணெயும் சேர்மானமும்: சிறுவிமான எஞ்சின் வரலாற்றில் ஒரு முரண்பாடு

தொழில்நுட்பப் பொருளொன்றை அதன் உற்பத்திச் சூழலிலிருந்து பிரித்து நோக்கும்போது அது மாயசக்தி கொண்ட பண்டமாகத் தோற்றமளிக்கிறது. சிறிய பிஸ்டன் விமானங்களின் எஞ்சின் எண்ணெயிற் கலக்கப்படும் சேர்மானங்கள் இதற்குத் தக்க உதாரணமாகும். இவை பயனுள்ளவையா என்பதே வழமையாக எழுப்பப்படும் வினா. இவற்றுக்கான தேவை எவ்வாறு தோன்றியது, அதன் செலவைச் சுமந்தவர் யார் என்பன அதற்கு முந்திய வினாக்களாகும். ஐக்கிய அமெரிக்காவின் அநுபவத்தை ஆதாரமாகக் கொண்டு இவற்றை ஈண்டு நோக்குவோம்.

விமானப் பெற்றோலில் எஞ்சின் அடிப்பைத் தடுப்பதற்காக ஈயச் சேர்வை கலக்கப்பட்டது. அது எரிந்தபின் எஞ்சும் ஈயக் கழிவின் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயை அடைகிறது. வீதி வாகனங்களின் எண்ணெயில் அழுக்கைத் தாங்கிநிற்கும் பொருள்களாக உலோகச் சேர்வைகள் பயன்பட்டன. அவை விமான எஞ்சினுக்குப் பொருந்தவில்லை. அவை எரிந்து உருளையில் விடும் சாம்பல் செஞ்சூடாகி, உரிய நேரத்துக்கு முன்னரே எரிபொருளைப் பற்றவைத்துப் பிஸ்டனைச் சிதைக்கக்கூடும். எனவே விமானங்கள் நெடுங்காலம் சேர்மானமற்ற கனிய எண்ணெயையே நம்பியிருந்தன. 1950களின் பிற்பகுதியில் ஷெல் நிறுவனம் முன்னின்று அறிமுகப்படுத்திய சாம்பலற்ற எண்ணெய் இந்நிலையை மாற்றியது. எரிபொருளிற் சேர்த்த ஒன்றின் கழிவைச் சுமக்க, எண்ணெயிற் பிறிதொன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது கட்டம் 1977இல் தொடங்குகிறது. அதுவரை செஸ்னா 172 விமானத்திற் பொருத்தப்பட்டது, 80 ஒக்டேன் பெற்றோலில் இயங்கிய 150 குதிரைவலு லைகமிங் எஞ்சினாகும். பல தரப் பெற்றோல்களை விநியோகிப்பது எண்ணெய்க் கம்பனிகளுக்கு இலாபகரமாக இருக்கவில்லை. ஆகவே ‘100 குறை ஈயம்’ என்னும் ஒரே தரத்தை நோக்கி அவை நகர்ந்தன. இப்பெயர் நமது கவனத்துக்குரியது. பழைய 100 தரத்தோடு ஒப்பிடுமிடத்து அது குறை ஈயமே. ஆனால் 80 தரத்தில் அனுமதிக்கப்பட்டதைப்போல் நான்கு மடங்கு ஈயம் அதில் இருக்கலாம்.

புதிய பெற்றோலுக்கென வந்த 160 குதிரைவலு ஓ-320-எச்2ஏடி எஞ்சினில் இரு மக்னீற்றோக்கள் ஒரே கூட்டுக்குள் அமைந்து ஒரே தண்டினால் இயக்கப்பட்டன. வால்வுகளை இயக்கும் காம் தண்டின் அமைப்பும், அதன்மீது உராயும் டப்பெற்றுகளின் அமைப்பும் மாற்றப்பட்டன. விரைவிலேயே அவற்றின் முகங்கள் குழிவிழுந்து தேயலாயின. லைகமிங் எல்டபிள்யூ-16702 என்னும் சேர்மானத்தைப் பரிகாரமாக முன்வைத்தது. 1980இல் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் 80-04-03 இலக்கப் பணிப்புரை மூலம் இவ்வெஞ்சினுக்கும் வேறு சிலவற்றுக்கும் அதனைக் கட்டாயமாக்கியது.

இச்சேர்மானம் வெறும் விளம்பரச் சரக்கன்று. அதிலுள்ள பொசுபேற்றுச் சேர்வை, அழுத்தம் மிகுந்த உலோக முகங்களில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கவல்லது. ஆயினும் குறையின் வேர் வடிவமைப்பிலேயே இருந்தது. பின்னர் டப்பெற்றுகள் மாற்றி அமைக்கப்பட்டன. 1981இன் செஸ்னா 172பீ விமானம் வேறொரு எஞ்சினுக்கு மாறியது. ஆனால் முன்னர் விற்கப்பட்ட விமானங்களுக்கு, எண்ணெய் மாற்றுந்தோறும் சேர்மானத்தின் விலையைச் செலுத்தியவர் உரிமையாளரே. பறப்புக் கழகங்களில் அச்செலவு மாணவரின் மணித்தியாலக் கட்டணத்தில் வந்து சேர்ந்தது. வடிவமைப்பு மேசையில் நேர்ந்த குறை, பயன்படுத்துவோரின் நிரந்தரச் செலவாக மாற்றப்பட்டதெனலாம்.

சந்தையில் விற்கப்படும் ஏனைய சேர்மானங்களின் மொழியையும் நாம் கூர்ந்து வாசித்தல் வேண்டும். அரச நிர்வாகம் ஒரு சேர்மானத்தை ஏற்றுக்கொள்வதன் பொருள், அது எஞ்சினுக்குத் தீங்கு செய்யாது என்பதேயன்றி, ஆயுளை நீடிக்கும் என்பதன்று. விற்பனையாளரின் சுவரொட்டியில் அவ்வேற்பு நற்சான்றிதழாக உருமாறுகிறது. பண்டத்தின் மாயம் இத்தகைய சொல்மாற்றங்களிலேயே உயிர்வாழ்கிறது.

ஈயத்தை எண்ணெய் எவ்வளவு திறம்படச் சுமப்பினும், பெரும்பகுதி புகையோடு வெளியேறி நிலத்தையும் மனிதரையும் அடைகிறது. கலிபோர்ணியாவின் சாந்தா கிளாரா மாவட்டம், ரீட்-ஹில்வியூ விமானத்தளத்தின் அயலில் வாழும் குழந்தைகளின் குருதியிலுள்ள ஈயத்தை ஆராய்வித்தபின், 2022 ஜனவரி முதல் தனது தளங்களில் ஈயப் பெற்றோல் விற்பனையை நிறுத்தியது. அதே ஆண்டில் ஈயமற்ற 100 ஒக்டேன் பெற்றோலொன்று பொறிப்பற்றல் முறையில் இயங்கும் விமானப் பிஸ்டன் எஞ்சின்களுக்கு அங்கீகாரம் பெற்றது. 2023இல் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், விமான ஈயப்புகை பொதுச் சுகாதாரத்துக்குக் கேடானதென முறைப்படி தீர்மானித்தது.

எஞ்சினுக்குள் தேங்கிய ஈயத்துக்குப் பரிகாரம் 1950களிலேயே கிடைத்தது. குழந்தைகளின் குருதியை அடைந்த ஈயம் 2020கள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இயந்திரம் முதலீடாக மதிக்கப்படுகிறது. அதன் புகையைச் சுவாசிக்கும் அயலவர் எவரது கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை. இக்கால இடைவெளிக்கான விளக்கத்தை இரசாயன அறிவின் வளர்ச்சியில் அன்று, சமூக உறவுகளிலேயே நாம் தேடுதல் வேண்டும்.