நிலக்கரி வரியும் வீட்டு விளக்கும்

1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து அருவியில் பிறந்த மின்சாரம் முதன்முதலாகச் சென்ற இடம் கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பலர் தமிழர். 1905இல் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருக்களில் விளக்கேற்றிற்று. காவிரி தந்த அவ்வொளிக்குக் கரியும் வேண்டியிருக்கவில்லை; கரிமீது வரியும் இல்லை. நகரம் பெருகிற்று, ஆறு போதவில்லை. 1985இல் ராய்ச்சூர் அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

2010 ஜூலையில் மத்திய அரசாங்கம் நிலக்கரிக்கு டன் ஒன்றுக்கு 50 ரூபாய் வரி விதித்தது. அது 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 என ஏறிற்று. புகையை உண்டாக்கும் எரிபொருள் அதற்குரிய விலையைக் கொடுக்கட்டும், அப்பணத்தால் தூய மின்சாரம் வளரட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆயினும் 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது, அந்த 400 ரூபாய் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யும் நிதிக்குத் திருப்பப்பட்டது.

இதனைச் சுமந்தவர் யார்? ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரி எரிகிறது. அதன்மேல் விழுந்த வரி ஏறக்குறைய கால் ரூபாய். முழுவதும் கரி மின்சாரமே எனக் கொண்டால், மாதம் 40 யூனிட் செலவிடும் வீட்டுக்குப் பத்து ரூபாய். குளிர்சாதனம் வைத்து 400 யூனிட் செலவிடும் வீட்டுக்கு நூறு ரூபாய். பெங்களூரில் நீரும் காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் கலப்பதால் சுமை இதனினும் குறைவே. 1930இல் வேதாரணியத்துக்கு ராஜாஜியை நடக்கவைத்த உப்பு வரி வேறு வகை: செல்வரும் ஏழையும் உண்ணும் உப்பு ஏறத்தாழ ஒரே அளவு. கரி வரியிலோ செல்வர் பத்து மடங்கு கொடுக்கிறார். ஆனால் அவர் வருமானம் இருபது மடங்காயின், விகிதத்தில் பளு ஏழைக்கே மிகுதி.

2023இல் கர்நாடக அரசு கொணர்ந்த கிருகஜோதித் திட்டம், 200 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு, முந்திய ஆண்டின் சராசரியோடு பத்து சதவீதம் கூட்டி, அதுவரை இலவசமாக்கிற்று. வாடகைக் குடியினருக்கும் அது உண்டு. எனினும் மீட்டர் வேண்டுமே! கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கும் நம்மவருக்கு மீட்டர் ஏது? அவர்கள் அடுக்கும் செங்கல்லிலும் கலக்கும் சிமெண்டிலும் எரிந்த கரியின் வரியோ, பிறகு அவர்கள் குடியேறும் அறையின் வாடகையில் பேசாமல் வந்து சேர்கிறது.

2025 செப்டம்பரில் அந்த 400 ரூபாய் நீங்கிற்று. பதிலாக நிலக்கரியின் சரக்கு சேவை வரி 5 சதவீதத்திலிருந்து 18 ஆயிற்று. முன்னே வரி எடைக்கு, இப்போது விலைக்கு. மட்டமான கரிக்கு விலை குறைவாதலால் வரியும் குறைவு. ஒரு யூனிட்டுக்கு அதிகமாக எரிய வேண்டியதும் அந்த மட்டமான கரிதான்.