சூலூர் ஓடுதளம்

திருப்பூரின் கதையை யார் சொன்னாலும் பருத்தி, கிணற்று மோட்டார், பனியன் மெஷின், சாயப்பட்டறை, ஏற்றுமதி என்றே வரிசை போகிறது. பல்லடத்துக்கும் கோவைக்கும் நடுவே தறிச்சத்தத்துக்குள் கிடக்கும் சூலூர் விமானத் தளம் அந்த வரிசையில் வருவதே இல்லை. நான் அந்தத் தளத்துக்குப் பக்கத்து ஊரில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். பிழைப்புக்கு ஏற்றுமதி கம்பெனிகளில் ஷிப்பிங் வேலை பார்த்தவன். இந்த விடுபடல் எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது.

1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பற்படை விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும்கூடத் தப்பவில்லை. கடற்கரை முழுக்கக் கிலி பிடித்திருந்த அந்த வருஷம்தான் பிரிட்டிஷ் கடற்படை, கரையை விட்டு உள்ளே தள்ளி, கோவையில் விமானப் பழுதுபார்ப்புக் கூடம் ஒன்றைத் திறந்தது. தரையில் இருக்கும் நிலையத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். கோவைக்கு எச்.எம்.எஸ். கருடா, 1945-இல் சூலூருக்கு எச்.எம்.எஸ். வைரி. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால் கொச்சித் துறைமுகத்துக்கு மலை ஏறாமலே போய்விடலாம். சண்டை முடிந்து 1946-இல் இரண்டையும் மூடிவிட்டார்கள்.

"கடலே இல்லாத சீமையில கப்பக்காரனுக்கு என்ன சோலி கண்ணு?" என்று எங்கள் அப்பாரு கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல கேள்வி. அதற்கு முழுப் பதில் அவர் கண்முன்னாலேயே வந்தது. சுதந்திர இந்தியா தன் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை வாங்கியபோது, அதில் பறக்கவேண்டிய ஜெட் விமானங்களுக்கு நிலத்தில் ஒரு வீடு தேவைப்பட்டது. அந்த வீடு சூலூர். 1961 செப்டம்பர் 5-ஆம் தேதி ஐ.என்.எஸ். ஹன்சா இங்கேதான் முறைப்படி தொடங்கியது.

வந்தவை ஸீ ஹாக் போர் விமானங்கள். ஒற்றை ஆள் உட்காரும் ஜெட். கப்பல் தளத்திலும் அதன் அடியிலுள்ள கொட்டகையிலும் இடம் குறைவு என்பதால் இறக்கைகளை நடுவில் மடித்து மேலே தூக்கி நிறுத்திவிடலாம். வால்பக்கம் ஒரு கொக்கி இருக்கும். கப்பலில் இறங்கும்போது குறுக்கே கட்டிய இரும்புக் கம்பிவடத்தை அந்தக் கொக்கி பிடித்தால்தான் விமானம் நிற்கும். தவறினால் மறுபடி மேலே கிளம்பியாக வேண்டும். ஆடுகிற கப்பலில் அப்படி இறங்கப்போகும் விமானிகள் எங்கள் சோளக்காட்டுக்கு மேலே பறந்து பழகினார்கள் என்பதை எண்ணும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு விம்முகிறது. கோவா விடுதலைக்குப் பிறகு 1964-இல் ஹன்சா அங்குள்ள டபோலிமுக்குப் போனது. டபோலிம் விமான நிலையத்தில் இறங்குகிற நம்மூர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அங்கே இருக்கும் கடற்படைத் தளம் சூலூரில் பிறந்தது என்று?

எண்பதுகளில் கோவை விமான நிலையத்தின் பீளமேட்டு ஓடுதளத்தைப் பெரிய ஜெட் இறங்குகிற மாதிரி நீட்டுவதற்காக மூடினார்கள். 1987-இல் திறக்கும் வரை கோவைக்கு வந்த பயணிகள் விமானம் சூலூரில்தான் இறங்கியது. திருப்பூர் பனியன் ஐரோப்பாவில் கால் ஊன்றிய காலமும் அதுவே.

எங்கள் தொழிலில் விமானம் என்றாலே வயிற்றைக் கலக்கும். சாம்பிள் போவது விமானத்தில்; அது சந்தோஷம். ஆர்டர் தேதி தவறி, தூத்துக்குடிக் கப்பலை விட்டுவிட்டு ஏரில் போட்டால் லாபம் போய்விடும். அதிலும் எடைக்கணக்கு ஒன்று உண்டு. பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுக்க வேண்டும். 60க்கு 40க்கு 40 அளவுள்ள அட்டைப்பெட்டிக்குக் கணக்கு 16 கிலோ வரும். உள்ளே புசுபுசுவென்ற ஸ்வெட் ஷர்ட் பத்து கிலோதான் இருந்தாலும் 16 கிலோவுக்குக் கட்டணம் கட்டணும். அதற்காகவே பேக்கிங் பெண்கள் ஒவ்வொரு பீஸையும் காற்றுப் போக அமுக்கி மடிப்பார்கள். சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு விமானக் கம்பெனி தரும் ஏர்வே பில் கைக்கு வந்த பிறகுதான் அன்று ராத்திரி கம்பெனியில் யாரும் சாப்பிடப் போவார்கள்.

மறுபடி சூலூருக்கே வருவோம். 2001-இல் பெங்களூரில் முதன்முதல் பறந்த நம் நாட்டுத் தேஜஸ் போர் விமானத்தின் முதல் விமானப்படைப் பிரிவான 45-ஆவது ஸ்குவாட்ரன் 2018-இல் இங்கே வந்தது. 2020 மே 27-இல் 18-ஆவது ஸ்குவாட்ரனும் இங்கே தேஜஸுடன் பணி தொடங்கியது. 1971 போரில் ஸ்ரீநகர் வானத்தில் தனியாளாக நின்று போராடி உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோனின் படைப்பிரிவு அது. கொரோனா ஊரடங்கில் ஊரே தொழிலுக்குத் திண்டாடிக் கொண்டிருந்த மாதம் அந்த மே. 2021 டிசம்பர் 8-இல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் ஹெலிகாப்டரில் கடைசியாகப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். அது குன்னூர்ப் பக்கத்தில் விழுந்து நொறுங்கியது. மறுநாள் அங்கிருந்து உடல்கள் சூலூருக்கு வந்தபோது வழிநெடுக நம் சனங்கள் நின்று பூப்போட்டார்கள்.

ஹன்சா காலத்தில் அந்தத் தளத்துக்குப் பால் ஊற்றியவர்கள், கொத்துவேலை பார்த்தவர்கள், மெக்கானிக்குகளுக்கு வீடு வாடகைக்கு விட்டவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். நம் சங்கங்களும் கல்லூரிகளும் தொழில் வரலாறு தொகுக்கும்போது அவர்களிடமும் போய் உட்கார்ந்து கேட்டுப் பதிய வேண்டும். சூலூரிலும் காங்கேயம்பாளையத்திலும் பருவாயிலும் நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.