விரிதாளும் சாய்கோட்டு விசையும்

தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருள் விசிகால்க். இதனை டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் ஆகியோர் உருவாக்கினர்; இது 1979இல் வெளிவந்தது. சாய்கோட்டு விசையை (/) அழுத்தி, அடுத்து உரிய எழுத்தை அழுத்தினால் கட்டளை நிறைவேறும். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளும் சாய்கோட்டு முறையைப் பின்பற்றியது. கணக்கர்களின் விரல்கள் அதன் கட்டளை வரிசைக்குப் பழகின.

போர்லாந்து நிறுவனம் தன் குவாட்ரோ புரோ மென்பொருளில் லோட்டசின் கட்டளை வரிசையையும் அளித்தது. இதனால் லோட்டஸ் 1990இல் வழக்குத் தொடுத்தது. லோட்டஸ் வென்றிருந்தால், மென்பொருளை மாற்றும் பயனர்கள் பழகிய விசைகளையும் எழுதிவைத்த மேக்ரோக்களையும் கைவிட நேர்ந்திருக்கும். கட்டளை வரிசை என்பது இயக்கும் முறை. அதற்குப் பதிப்புரிமை இல்லை என 1995இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-4 எனப் பிரிந்ததால் அத்தீர்ப்பே நிலைத்தது.

விண்டோசு கணினியில் இயங்கும் எக்செலில் இன்றும் சாய்கோட்டு விசை கட்டளைக் குறுக்குவழிகளைக் காட்டுகிறது.