மேடையும் பதிவும் நினைவும்: தமிழ்ச் சுயாதீன இசைக்குழுக்களின் வரலாற்றில் ரசிகர் நினைவுகளின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படத்திற்கு வெளியே இயங்கும் தமிழ் இசைக்குழுக்களின் வரலாறு எழுதப்படும்போது வெளியீட்டு நிறுவனத்தின் பதிவே முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. மேடையைக் கண்டோரும் பாடலைக் கேட்டோரும் கொண்டுள்ள நினைவுகள் துணைச் சான்று என்னும் தகுதியைக்கூடப் பெறுவதில்லை. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவையும் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலையும் முன்வைத்து, ரசிகர் நினைவு எதைக் காக்கின்றது, எதைக் கைவிடுகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: சுயாதீன இசை, கானா, ரசிகர் நினைவு, உரிமைப்பெயர், நெய்வேலி.

முன்னுரை

தமிழகத்தில் பதிவின்றி மேடையில் மட்டும் வாழ்ந்த இசைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடிய பாவலர் வரதராசனின் இசை இதற்குச் சிறந்த சான்றாகும். அவருடைய மேடைகளின் தன்மை இன்று பெரிதும் கேட்டோரின் நினைவுகளாலும், அக்குழுவில் வளர்ந்து பின்னர்த் திரையிசைக்குச் சென்ற அவர்தம் தம்பியரின் கூற்றுகளாலுமே அறியப்படுகின்றது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் தோன்றிய குழுக்களின் நிலை இதற்கு மாறானது. அவற்றின் பாடல்கள் வெளியான அன்றே காணொலியாகவும் கிடைக்கின்றன. எனவே இங்கு ரசிகர் நினைவின் தேவை என்ன என்னும் வினா எழுகின்றது.

குழுவின் தோற்றம்

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் ‘தி மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’ என்னும் சுயாதீன நிறுவனமும் இணைந்து ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை உருவாக்கின. கபேர் வாசுகியுடன் இணைந்து ‘குரங்கன்’ குழுவை நடத்திய பட்டறிவு டென்மாவுக்கு இருந்தது. கானா, ராப், ராக் ஆகிய மூவகை இசை மரபுகளைச் சேர்ந்த 19 கலைஞர்கள் இதில் ஒன்றிணைந்தனர். அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்லாட்சியிலிருந்து குழுவின் பெயர் பெறப்பட்டது. முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது.

காலமும் இடமும் இங்குக் கருதத்தக்கன. அந்நாள் மார்கழி மாதத்துள் அடங்குவது. 1928இல் மியூசிக் அகாதெமி நிறுவப்பட்டதிலிருந்து சென்னையின் மார்கழி கருநாடக இசைக்குரிய பருவமாக நிலைபெற்றுவிட்டது. இறப்பு வீடுகளிலும் தெருமுனைகளிலும் பாடப்பட்டுவந்த கானா, அப்பருவத்தில், நகரின் நடுவே, திறந்தவெளி மேடையேறியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ இப்பொருத்தத்தைப் பெயரிலேயே வெளிப்படையாக்கியது.

நேரில் கண்டோரும் திரையில் கண்டோரும்

ரசிகர் நினைவு ஒருபடித்தானதன்று. மேடைமுன் நின்றோருக்குப் பாடலோடு கூட்டமும் நினைவாகின்றது. யார் அருகில் நின்றார், எந்தப் பாடலுக்குக் கூட்டம் எழுந்தது, பறையும் சட்டியும் கித்தாரோடு கலந்தபோது ஒலி எவ்வாறு இருந்தது என்பன அந்நினைவின் கூறுகள். படத்தொகுப்புக்கு உட்பட்ட காணொலியில் இவை முழுமையாக இடம்பெற இயலாது.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவிலுள்ள நெய்வேலி போன்ற நகரியத்தில் வாழும் ரசிகருக்கு இக்குழுவின் முதல் அறிமுகம் பெரும்பாலும் கைப்பேசித் திரையின் வழியே அமையும். அவர்தம் நினைவில் கூட்டம் இல்லை. ஆனால் பாடலைத் தம் சூழலோடு பொருத்திக் கேட்கும் வாய்ப்பு உண்டு. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதைத் தொடர்ந்து, சுரங்கத்திற்காகச் சிற்றூர்கள் காலிசெய்யப்பட்ட நிலப்பகுதி அது. வட்டங்களாகப் பகுக்கப்பட்ட குடியிருப்பு, நிலமிழந்தோர், பலவூர்களிலிருந்து வந்த தொழிலாளர் ஆகியோர் அருகருகே வாழும் இடம். உழைத்த நிலம் யாருடையது என்று வினவும் பாடல் அங்குக் கீழ்ப்பாக்கத்தில் பெற்ற பொருளையே பெறும் எனக் கொள்ள வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை வெளியீட்டு நிறுவனத்தின் பதிவு காட்டாது. கேட்டோரிடமிருந்தே அது பெறப்பட வேண்டும்.

பெயரும் நினைவும்

இக்குழுவின் வழியே பரவலாக அறியப்பட்ட அறிவு, தீ ஆகியோர் பாடி, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் உருவான ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘மாஜா’ என்னும் சுயாதீனத் தளத்தின் வழியே 2021 மார்ச்சில் வெளியானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு அப்பாடலின் ஊற்று என அறிவு கூறியுள்ளார். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வழிசெய்தது. அப்பெயர்வின் குடும்ப நினைவு ஒன்று இப்பாடலால் பொது நினைவாயிற்று.

2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீ இடம்பெற, அறிவு இடம்பெறவில்லை. எதிர்ப்புக்குப் பின் அவருக்கெனத் தனி மின்னட்டை வெளியிடப்பட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாடலைப் பாடினர். பாடலாக்கத்தில் தம் பங்கினை வலியுறுத்தி அறிவு அறிக்கை வெளியிட்டார். இசையாக்கம் குறித்துச் சந்தோஷ் நாராயணனும் தம் தரப்பை விளக்கினார். உரிமைப் பங்கீடு குறித்துத் தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரு நிகழ்வுகளிலும் ரசிகர்கள் செய்தது யாது என்பதே இங்கு முதன்மையானது. அவர்கள் காணொலியில் இருவரைக் கண்டிருந்தனர். அட்டையும் மேடையும் அந்நினைவோடு பொருந்தாதபோது, இல்லாத பெயரைக் கேட்டனர். நினைவு இங்கு ஆவணத்தைத் திருத்தும் சான்றாகச் செயற்பட்டது.

நினைவின் குறை

எனினும், இந்நினைவை ஐயமின்றி ஏற்றலும் பொருந்தாது. 19 பேர் கொண்ட குழுவில் பொது நினைவில் முன்நிற்போர் மிகச் சிலரே. திரைப்பாடல்களால் அறியப்பட்ட அறிவும், 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற கானாப் பாடகி இசைவாணியும் நினைவுகூரப்படும் அளவிற்கு, குழுவின் ஒலிக்கு அடிப்படையான தாளக்கருவிக் கலைஞர்கள் நினைவுகூரப்படுவதில்லை. பாடுவோரின் முகத்தைக் காணொலி அண்மையில் காட்டுகின்றது. ரசிகர் நினைவும் அதனைப் பின்பற்றுகின்றது. ஒரு பெயர் விடுபட்டதைக் கேட்ட அதே நினைவு, வேறு பல பெயர்களைத் தானே விட்டுவிடுகின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பதிவும் நினைவும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவன என்பது புலனாகின்றது. கலைஞர் பெயர்ப்பட்டியலுக்கு நிறுவனப் பதிவும், மேடைச் சூழலுக்கும் பாடல் பெற்ற பொருளுக்கும் கேட்டோர் நினைவும் சான்றாகின்றன. பாவலர் வரதராசனின் மேடைகளை நேரில் கண்ட தலைமுறை அருகிவருகின்றது. 2018இன் மேடையைக் கண்டோர் இன்று நம்மிடையே உள்ளனர். நேர்காணல்களை இப்போதே, சென்னையோடு நில்லாது நெய்வேலி போன்ற தொழில் நகரியங்களிலும் மேற்கொள்வதும், ஒவ்வொரு நேர்காணலிலும் கருவி இசைத்தோர் பெயரைத் தனி வினாவாகக் கேட்பதும் இத்துறை ஆய்வாளர் முன்னுள்ள பணிகளாகும்.